என்.எச்.எல். டிராஃப்டுக்கு வரும் இளம் தற்காப்பு ஆட்டக்காரரை மதிப்பிடுவது எப்படி

வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் அணிகள், இளம் வீரர்களை ஆண்டுதோறும் வரிசை முறையில் தேர்ந்தெடுப்பதே டிராஃப்ட். 2012 ஜூன் மாதம் பிட்ஸ்பர்க் நகரில் நடந்த என்.எச்.எல். டிராஃப்டில், முதல் பத்து இடங்களில் எட்டு இடங்கள் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குப் போயின. அவர்களில் மார்கன் ரைலி, ஹாம்பஸ் லிண்ட்ஹோம், ஜேக்கப் ட்ரூபா போன்றோர் நீண்ட காலம் நின்று ஆடும் வீரர்களாக வளர்ந்தார்கள். ஆனால் நான்காவது இடத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி தேர்ந்தெடுத்த கிரிஃபின் ரைன்ஹார்ட், ஆறடி நான்கு அங்குல உயரமும் ஜூனியர் லீக்கில் பட்டம் வென்ற அணியின் அனுபவமும் இருந்தும், என்.எச்.எல்.லில் மொத்தம் 37 ஆட்டங்கள்தான் ஆடினார். அதே டிராஃப்டில் 120ஆவது இடம் வரை காத்திருந்த ஜேக்கப் ஸ்லேவின், கரோலினா ஹரிகேன்ஸ் அணியின் தற்காப்புக்குத் தூணாக நின்றார். விதிமீறல் இல்லாத நேர்த்தியான ஆட்டத்துக்கு அளிக்கப்படும் லேடி பிங் விருதை, தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு மிக அரிதாகவே கிடைக்கும் அந்த விருதை, அவர் 2021இலும் 2024இலும் பெற்றார்.

இளம் வீரர்களைத் தேடிப் பார்த்து மதிப்பிடும் ஸ்கௌட்டுகள் சோம்பேறிகள் என்று இதற்குப் பொருளில்லை. பதினேழு வயதுத் தற்காப்பு ஆட்டக்காரரிடம் முதலில் கண்ணில் படுபவை உயரம், ஷாட்டின் வேகம், புள்ளிக் கணக்கு (கோல்களும், கோலுக்கு உதவும் அசிஸ்ட் பாஸ்களும்) ஆகியவை. என்.எச்.எல். அவரிடம் கேட்கப்போகும் வேலையோ பெரும்பாலும் வேறு. அந்த வேலையை எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் இந்த வழிகாட்டியில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் பிறந்த தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். டிராஃப்ட் நடக்கும் ஆண்டின் செப்டம்பர் 15ஆம் தேதிக்குள் 18 வயது நிறைபவர் அந்த ஆண்டே தேர்வுக்கு வருகிறார். செப்டம்பர் 16இல் பிறந்தவர் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஒரே டிராஃப்டில் நிற்கும் இருவருக்கு இடையே ஏறத்தாழ ஓராண்டு வயது வித்தியாசம் இருக்கலாம், அந்த வயதில் ஓராண்டு என்பது உடல் வலிமையிலும் ஆட்ட அனுபவத்திலும் மிகப் பெரிய இடைவெளி. 2025இல் ஐலண்டர்ஸ் முதல் தேர்வாக எடுத்த மேத்யூ ஷேஃபர் 2007 செப்டம்பர் 5இல் பிறந்தவர். பத்து நாள் கழித்துப் பிறந்திருந்தால் தப்பாமல் எல்லையில் இருந்திருப்பார், பதினொரு நாள் கழித்திருந்தால் 2026 டிராஃப்டுக்குத்தான் வந்திருப்பார். காலர் எலும்பு முறிந்ததால் அந்தப் பருவத்தில் ஈரி ஆட்டர்ஸ் அணிக்காக 17 ஆட்டங்களே ஆடியும் 22 புள்ளிகள் எடுத்திருந்தார். அத்தனை குறைந்த ஆட்டங்களை வைத்தே அவரை முதலிடத்தில் நிறுத்த முடிந்ததற்கு அவருடைய வயதும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

அடுத்து, அரங்கில் எங்கே உட்காருகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். நடுக்கோட்டுக்கு நேரே அமர்ந்தால் ஆட்டம் அழகாகத் தெரியும், ஆனால் தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை சரியாகத் தெரியாது. கோலுக்குப் பின்னால், மேல் வரிசையில் அமர்ந்தால்தான் அவருக்கு முன்னே எத்தனை வழிகள் திறந்திருந்தன, அவற்றில் எதை அவர் கண்டார், எதைத் தவறவிட்டார் என்பது புலப்படும். அவருடைய அணி முதலில் காக்கும் கோலின் பின்னால் அமர்ந்தால், இருபது நிமிடங்கள் கொண்ட மூன்று பீரியடுகளில் இரண்டில் அவர் உங்கள் பக்கத்துக் கோலைக் காப்பார். அந்த நாற்பது நிமிடங்கள் உங்களுக்குப் பொன்னானவை.

அந்த நிமிடங்களில் பார்க்க வேண்டியவற்றுள் முதன்மையானது, எதிரணி பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டை) அவருடைய எல்லையின் மூலைக்குள் அடித்துவிட்டுத் துரத்தி வரும்போது, அதை எடுக்க முதுகைக் காட்டியபடி பின்னோக்கி ஓடும் அந்த இரண்டு மூன்று வினாடிகள். இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பதை விதிகளின் வரலாறு விளக்கும். 2004-05 பருவம் முழுவதும் ரத்தானபின், 2005இல் என்.எச்.எல். திரும்பியபோது, ஓடி வருபவரைப் பிடித்து இழுத்தும் வழிமறித்தும் தாமதப்படுத்துவதை நடுவர்கள் கடுமையாகத் தண்டிக்கத் தொடங்கினார்கள். இரு கோடுகளைத் தாண்டும் பாஸுக்கு இருந்த தடை நீங்கியது. கோலுக்குப் பின்னே சரிவகம் ஒன்று வரையப்பட்டு, அதற்கு வெளியே மூலைகளில் கிடக்கும் பக்கைக் கோல்கீப்பர் தொடக்கூடாது என்றானது. முன்பு துரத்தி வருபவரைத் துணை ஆட்டக்காரர் சற்றே தடுத்து நிறுத்துவார், அல்லது கோல்கீப்பரே மூலைக்குச் சென்று பக்கை எடுத்துக் கொடுப்பார். இந்த இரண்டு உதவிகளும் ஒரே நேரத்தில் போயின. மூலைக்குத் தனியாக ஓடி, முழு வேகத்தில் வரும் எதிராளிக்குமுன் பக்கை எடுத்து, இழக்காமல் வெளியே அனுப்பும் சுமை தற்காப்பு ஆட்டக்காரர் தோளில் விழுந்தது. உயரம் குறைந்தும் கால் வேகமும் கூர்ந்த பார்வையும் உள்ளவர்களுக்கு அந்த லீக்கில் இடம் திறந்ததும் இதனால்தான்.

ஒரு நிகழ்வை அருகிலிருந்து பார்ப்போம். பக் இடது மூலைக்கு வருகிறது. பையன் திரும்பி ஓடத் தொடங்குகிறான். முதல் இரண்டு அடியிலேயே வலத் தோளுக்குமேல் ஒரு பார்வை. கோலின் பக்கத்திலிருந்து ஒருவர் வருவது தெரிந்துவிட்டது. பக்கை நெருங்குமுன் மறுபடி ஒரு பார்வை, இம்முறை இடப்பக்கம். சுவரோரம் இரண்டாமவர் காத்திருக்கிறார். இப்போது அவன் செய்வதைக் கவனியுங்கள்: வேகத்தைக் கூட்டாமல் அரை அடி குறைக்கிறான். துரத்துபவர் நேரே பாய்ந்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தாமதம். சுவரோரமாக மேலே போவதுபோல் தோளைச் சாய்க்கிறான், துரத்துபவரின் எடை அந்தப் பக்கம் சாய்ந்ததும் ஸ்கேட்டின் உள்விளிம்பில் திரும்பிக் கோலின் பின்னால் நழுவுகிறான், மறுபக்கம் நிற்கும் தன் அணி விங்கரின் (ஓர முன்கள வீரரின்) மட்டையில் தட்டையான பாஸ் போய் விழுகிறது. எல்லாம் மூன்று வினாடிக்குள் முடிந்துவிட்டது. இவனைவிட வேகமாக ஓடக்கூடிய வேறொரு பையன், பக்கை மட்டுமே பார்த்தபடி சென்று முதலில் எடுத்திருப்பான். ஆனால் சுவரை நோக்கிய முகத்தோடு, பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாமல், கண்ணாடி ஓரமாகப் பக்கை உயர்த்தி அடித்துவிடுவான். தற்காப்பு எல்லையின் தொடக்கமான நீலக்கோட்டில் நிற்கும் எதிரணித் தற்காப்பு ஆட்டக்காரர் அதைப் பிடித்துத் திரும்ப உள்ளே அனுப்புவார். ஆட்ட முடிவில் அச்சாகும் கணக்குத் தாளில் இந்த இரண்டில் எதுவும் இருக்காது.

ஆகவே உங்கள் குறிப்பேட்டில் நீங்களே இதற்குக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று செய்திகளை எழுதுங்கள்: பக்கைத் தொடுமுன் எத்தனை முறை திரும்பிப் பார்த்தான், எத்தனை பேர் துரத்தினார்கள், பக் கடைசியில் யாரிடம் போனது. ஐந்தாறு ஆட்டங்கள் ஆனபின் அந்தப் பக்கங்கள் புள்ளிப் பட்டியல் சொல்லாததை உங்களுக்குச் சொல்லத் தொடங்கும். இடது மூலையில் நிதானமாக இருப்பவன் வலது மூலையில் தடுமாறுகிறான் என்பதுகூட அப்போதுதான் தெரியவரும்.

ஸ்கேட்டிங்கைப் பார்க்கும்போது நேர்க்கோட்டு வேகத்தில் மயங்க வேண்டாம். முதல் மூன்று அடிகள், பின்னோக்கிச் செல்லும்போது உள்ள சமநிலை, பின்னிருந்து முன்னாகத் திரும்பும் திருப்பம் ஆகியவையே தற்காப்பு ஆட்டக்காரருக்கு உயிர். திருப்பத்தை இருபுறமும் பாருங்கள், ஏனெனில் பெரும்பாலான இளைஞர்களுக்கு ஒரு பக்கம் பலவீனமாகவே இருக்கும்; ஜூனியர் லீக்கில் அதை யாரும் கவனிக்காமல் போகலாம், என்.எச்.எல். பயிற்சியாளர்கள் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார்கள். கால் வலிமைக் குறைவும் நடையின் சில பழுதுகளும் பயிற்சியால் சரியாகக்கூடியவை. ஆட்டத்தைப் படிக்கத் தெரியாமையை அவ்வளவு எளிதில் சரிசெய்ய முடியாது.

எதிரணி வீரர் ஒருவர் பக்கோடு முன்னேறி வரும்போது, அவருக்கும் இவனுக்கும் இடையில் எவ்வளவு தூரம் விடுகிறான் என்பது அடுத்த பெரிய கேள்வி. நல்லவர்கள் தங்கள் நீலக்கோட்டுக்கு முன்பே அந்த இடைவெளியை ஏறக்குறைய ஒரு மட்டை நீளத்துக்குச் சுருக்கி, மட்டையைப் பனியில் வைத்து உள்வழியை அடைத்து, எதிராளியைச் சுவர்ப்பக்கம் தள்ளி, கோட்டைக் கடக்குமுன் முடிவெடுக்க வைப்பார்கள். தன் வேகத்தில் நம்பிக்கை இல்லாதவன் முன்கூட்டியே பின்வாங்கித் தன் கோல்கீப்பரின் மடிவரை இடம் கொடுத்துவிடுவான். ஐரோப்பிய ஆட்டக்காரரைப் பார்ப்பவர்கள் இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே பல அரங்குகள் 30 மீட்டர் வரை அகலமானவை, என்.எச்.எல். களம் 85 அடி, அதாவது சுமார் 26 மீட்டர். அகன்ற களத்தில் அவன் விடும் கூடுதல் இடைவெளி பயத்தால் வந்ததா, களத்தின் அளவால் வந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

புள்ளிகளைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. அவை எங்கே, எந்தச் சூழலில் வந்தன என்று கேளுங்கள். எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் ப்ளேயில் அணியின் முதல் குழுவில் நின்று பக்கத்தில் இருப்பவருக்குப் பக்கைத் தட்டிவிட்டுச் சேர்த்த அசிஸ்ட் வேறு, ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் தானே பக்கைக் கொண்டு போய் உருவாக்கிய வாய்ப்பு வேறு. லீக்கின் தரமும் அப்படித்தான். ஸ்வீடனில் பெரியவர்களின் முதல்நிலை லீக்கில் ஓர் ஆட்டத்துக்குச் சில நிமிடங்களே களமிறங்கும் பதினேழு வயதுப் பையனின் சொற்பப் புள்ளிகளை, ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் இருபத்தைந்து நிமிடம் ஆடுபவனின் எண்ணிக்கையோடு அப்படியே ஒப்பிடுவது அநியாயம். கேல் மக்கார் அல்பெர்ட்டாவின் ஜூனியர் ஏ லீக்கில், ப்ரூக்ஸ் பேண்டிட்ஸ் அணியில் ஆடியவர். அவர் சேர்த்த புள்ளிகள் கனடாவின் உச்ச ஜூனியர் லீக்குகளில் வந்தவை அல்ல. ஆனால் அவருடைய கால்களும் பார்வையும் எந்த லீக்கிலும் செல்லுபடியாகும் தரத்தில் இருந்தன. கொலராடோ அணி 2017இல் அவரை நான்காவதாக எடுத்தது. 2022இலும் 2025இலும் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருதைப் பெற்றார்.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறடி ஒன்பது அங்குல ஸ்டேனோ சாராவும் நாரிஸ் வென்றிருக்கிறார், ஐந்தடி பத்து அங்குல க்வின் ஹியூஸும் வென்றிருக்கிறார். உயரம் குறைந்தவர் என்பதால் 2022இல் 62ஆவது இடம் வரை நழுவிய லேன் ஹட்சன், 2025இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருதைப் பெற்றார். பெரிய உடல் கொண்டவனைப் பற்றி, எதிரில் நிற்பவர்களும் அதே அளவில் இருக்கும்போது இவனிடம் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். சிறியவனிடம், கோலுக்கு முன்னால் தன்னைவிட வலியவரை எப்படி நகர்த்துகிறான், அல்லது நகர்த்தாமலேயே மட்டையால் எப்படி முடக்குகிறான் என்று பாருங்கள். வலக்கைப் பக்கம் ஷாட் அடிப்பவர்கள் தற்காப்பில் எண்ணிக்கையில் குறைவு என்பதால் அணிகள் அவர்களைச் சற்று முன்கூட்டியே எடுப்பது வழக்கம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகத் தரத்தைக் கூட்டிப் போட வேண்டாம்.

ஒரே நல்ல இரவை வைத்து முடிவு செய்துவிடக் கூடாது. கனடிய ஜூனியர் லீக்குகளில் வெள்ளி, சனி, ஞாயிறு எனத் தொடர்ந்து மூன்று நாள் ஆட்டங்கள் வருவதுண்டு. அந்த மூன்றாம் நாள் மதியம், பேருந்துப் பயணத்தின் களைப்போடு ஆடும் ஆட்டத்தை அவசியம் பாருங்கள். கால்கள் கனக்கும்போது அவன் தன் இருப்பிடத்தைச் சரியாக வைத்துச் சமாளிக்கிறானா, மட்டையால் கொக்கி போட்டு இழுத்துத் தண்டனை வாங்குகிறானா என்பது அங்கே தெரியும். தன் தவறால் கோல் விழுந்தபின் வரும் அடுத்த ஷிஃப்டையும் (மாற்றாகக் களமிறங்கும் அடுத்த முறையையும்) விடாமல் பாருங்கள். அதில் முதல் பக்கைத் தொடும்போது கை நடுங்காமல் அதே பாஸைக் கொடுப்பவனை நான் குறிப்பேட்டில் அடிக்கோடிடுவேன்.

ஜூன் தொடக்கத்தில் பஃபலோ நகரில் நடக்கும் கம்பைன் எனப்படும் உடற்தகுதிச் சோதனையில் சைக்கிள் ஓட்டமும் குதித்தலும் பிடி வலிமையும் அளக்கப்படும். பனியில் கால் வைக்கும் சோதனை ஒன்றுகூட அங்கே இல்லை. அதனால் அந்த எண்களை உடல் இன்னும் எவ்வளவு வளரக்கூடும் என்பதற்கான துணைச் செய்தியாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

அறிக்கை எழுதும்போது "திறமைசாலி", "நம்பிக்கைக்குரியவர்" என்று எழுதி நிறுத்தாமல், அவன் என்.எச்.எல்.லில் எந்த வேலையைச் செய்வான் என்று எழுதுங்கள். முதல் ஜோடியில் இருபத்துநான்கு நிமிடம் ஆடுபவனா, மூன்றாம் ஜோடியில் நின்று அணி ஆள் குறைந்து ஆடும் பெனால்டி நேரங்களைக் காப்பவனா, பவர் ப்ளேயை நடத்துபவனா? அதோடு எத்தனை ஆண்டில் என்பதையும் சேருங்கள். தற்காப்பு ஆட்டக்காரர்கள் முன்கள வீரர்களைவிடப் பொதுவாகத் தாமதமாகவே முதிர்கிறார்கள். ஏழு முறை நாரிஸ் வென்ற நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 1989இல் 53ஆவதாகவும், இருமுறை வென்ற டங்கன் கீத் 2002இல் 54ஆவதாகவும், 2021இல் வென்ற ஆடம் ஃபாக்ஸ் 2016இல் 66ஆவதாகவும் எடுக்கப்பட்டவர்கள். 2019இல் வென்ற மார்க் ஜியோர்டானோவை டிராஃப்டில் யாரும் எடுக்கவே இல்லை. இவர்களைப் பதினெட்டு வயதில் பார்த்து "இன்னும் ஆயத்தமாகவில்லை" என்று எழுதியவர்கள் பொய் எழுதவில்லை. வளர்ச்சி எந்தத் திசையில் போகிறது என்பதையும் எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் திசையைக் காண ஒரே வழி, நீண்ட இடைவெளி விட்டு இருமுறை பார்ப்பது. பருவம் தொடங்கும் அக்டோபரில் நான்கைந்து ஆட்டங்கள், பின்பு மார்ச்சில் பிளேஆஃப் தொடங்கும்போதோ ஏப்ரலில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியிலோ மறுபடி சில ஆட்டங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முறை அரங்குக்குப் போகுமுன் அக்டோபர்க் குறிப்புகளை எடுத்துப் படியுங்கள். வலது மூலையில் திரும்பிப் பார்க்காமல் ஓடிப் பக்கை இழந்தான் என்று ஏழெட்டு இடங்களில் எழுதியிருப்பீர்கள். அன்று இரவு கோலுக்குப் பின்னால் மேல் வரிசையில் அமர்ந்து, பக் அந்த வலது மூலைக்குப் போகும் வரை காத்திருங்கள், அவன் தலை திரும்புகிறதா என்று பாருங்கள்.