பிரெய்ரி காற்றுக்கு மரவேலி: எங்கே, எப்படி?

கனடாவின் பிரெய்ரி சமவெளியில், தெற்கு ஆல்பர்ட்டா, சஸ்காட்செவன் பக்கம் ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கி வீடு கட்டுபவர்கள் புல்தரைக்கு முன்பே காற்றுத் தடுப்பு மரங்களை நட்டுவிடுவது நல்லது. குளிர்காலக் காற்று பெரும்பாலும் மேற்கு, வடமேற்கிலிருந்துதான் வரும். அந்தப் பக்கங்களில் வையுங்கள். வீட்டுக்கும் வண்டிப் பாதைக்கும் 30 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நெருக்கி நட்டால் காற்று அள்ளி வரும் பனி முழுக்க வாசலில் குவியும்.

வெளி வரிசையில் காரகானா என்ற புதர்ச்செடி, 30 செ.மீ. இடைவெளியில். 5 மீட்டர் உள்ளே தள்ளி கொலராடோ ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், மரத்துக்கு மரம் 3 மீட்டர். இளங்கன்றுகள் பட்டுப்போக முக்கியக் காரணம் காலடியில் வளரும் புல். இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல்லை நீக்கி, 10 செ.மீ. கனத்துக்கு மரச்சில்லு பரப்புங்கள். தண்டை ஒட்டிப் போட வேண்டாம், அதற்குள் எலி புகுந்து பட்டையைக் கடித்துவிடும்.

அக்டோபரில் மண் உறையும் முன் ஸ்ப்ரூஸுக்கு ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். குளிர்காலத்தில் வீசும் சினூக் என்ற வெப்பக்காற்றில் ஊசியிலைகள் ஈரத்தை இழக்கும்; உறைந்த மண்ணில் வேரால் அதை ஈடுகட்ட முடியாது. வசந்தத்தில் இலை பழுப்பாகத் தெரிந்தாலும் உடனே கிளையை வெட்டாதீர்கள். மொட்டு உயிரோடிருந்தால் ஜூனில் துளிர்த்துவிடும்.