காலில் கம்பி போட்டால்: வீட்டுக்காரர் விடும் பிழைகள்

முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியில் உடனே எலும்புதான் தட்டுப்படும், இடையில் தசை இல்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் அந்த எலும்பு முறிந்தால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது அதனால்தான். என் தம்பிக்கும் அப்படித்தான் நடந்தது. காலுக்கு வெளியே நின்று எலும்பைப் பிடித்துவைக்கும் கம்பிச் சட்டத்தோடு 5 மாதம் வீட்டில் வைத்துப் பார்த்தோம்.

பிழைகள் வீதியிலேயே தொடங்கிவிடும். வெளியே தெரிகிற எலும்பை உள்ளே தள்ளப் பார்ப்பார்கள், ரத்தம் நிற்கக் கோப்பித்தூள் அப்புவார்கள். இரண்டாலும் அழுக்குத்தான் உள்ளே போகும். சுத்தமான துணியால் மூடி அழுத்திப் பிடித்து, தடி வைத்துக் காலை அசையாமல் கட்டி, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். தேத்தண்ணி கூடக் கொடுக்க வேண்டாம், சத்திரசிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரும். புக்கை கட்டுகிற நாட்டு வைத்தியர் இடத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். வெறும் நெரிவுக்கு அங்கே போகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, தோல் கிழிந்த முறிவு வேறு கதை. அதற்கு அன்ரிபயோட்டிக் ஊசி ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறுவது நல்லது, ஏற்புவலி ஊசியும் தேவைப்படலாம். தோட்டத்து மண்ணோ மாட்டெருவோ புண்ணில் பட்டிருந்தால் டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எவ்வளவு அவசரமாகக் கழுவ வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

“உள்ளுக்குத் தகடு வைக்காமல் விட்டுட்டினமே” என்று பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லாரும் குறைப்பட்டார்கள். அழுக்குப் பட்ட புண்ணுக்குள் உலோகத்தை வைத்தால் கிருமி அதில் ஒட்டிக்கொள்ளும். சட்டத்தின் கம்பிகள் புண்ணுக்குத் தள்ளி எலும்பில் இறங்குவதால் புண்ணைத் திறந்து கழுவலாம், தோல் வைத்துத் தைக்கலாம். பலருக்கு இது தற்காலிக ஏற்பாடுதான், பிறகு எலும்புக்கு உள்ளே நீளக் கம்பி செலுத்துவார்கள். ஆனால் கம்பி இறங்கும் துளையில் சீழ் பிடித்தால் அந்த வழி சிக்கலாகிவிடும்.

அம்மா முதல் கிழமையே திருநீறு பூச வந்தா. தம்பிக்கோ கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்க ஆசை. இரண்டையும் மறித்தோம். வார்ட்டில் தாதி காட்டியபடி கையைக் கழுவி, சேலைனில் நனைத்த துணியால் ஒவ்வொரு துளையாகத் துடைத்தோம். ஒரு துளைக்குத் தொட்ட துணி அடுத்ததற்கு இல்லை. தெளிந்த நீர் கொஞ்சம் கசிந்தால் பயமில்லை. சீழ், சிவப்பு, கம்பி ஆடுவது, இதில் எது வந்தாலும் பார்மசியில் மருந்து கேட்காமல் கிளினிக்குக்குப் போங்கள்.

வலி மருந்துக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போய், கால்விரலை மெல்ல நிமிர்த்தினாலே உயிர் போகிறது என்றால் விடியும்வரை பார்த்திருக்கக் கூடாது. தசைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். புண் திறந்திருந்தாலும் அது வரும்.

நாங்கள் கவனிக்காமல் விட்டது பாதத்தை. கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தோம், பாதம் மெல்ல மெல்லக் கீழ்நோக்கித் தொங்கிவிட்டது. குதிக்கால் தசைநார் இறுகினால் எலும்பு பொருந்திய பிறகும் நொண்டத்தான் வேண்டும். அப்புறம் துவாயைப் பாதத்தில் வளைத்துப் போட்டு, இரண்டு முனையையும் தம்பி தன் பக்கம் இழுக்கப் பழகினான். சிகரெட்டை விடுவிக்கத்தான் அதைவிடப் பாடுபட்டோம். புகை எலும்பு பொருந்துவதைப் பிந்தவைக்கும்.

நாலாம் மாதம் ஒரு நட்டு இளகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணை சைக்கிள் நட்டு முறுக்கும் சாவியோடு வந்துவிட்டார். நல்ல மனுசன், ஆனால் அதை முறுக்கப்போய் எலும்பின் நேர் விலகினால் யார் பொறுப்பு? அண்ணைக்குத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு ஓட்டோவைக் கூப்பிட்டோம்.