கலோரிக் கணக்கு எங்கே உதைத்தது?

பல நாள் தலைவலி ஒருவழியாகத் தீர்ந்தது. தினசரி சாப்பாட்டை எழுதிவைக்கும் அட்டவணையில் மொத்த கலோரி எப்போதும் குறைவாகவே வந்தது. பொட்டலங்களில் அச்சிட்ட எண்களைக் கூட்டினால் அதைவிட நிறைய.

முதலில் தராசைச் சந்தேகித்தேன். வேறொன்றில் நிறுத்தும் அதே எடைதான். அப்புறம் நார்ச்சத்து. அதைக் கழித்தால் இடைவெளி இன்னும் கூடியது.

வித்தியாசம் எந்த நாளில் பெரிதாகிறது என்று பார்த்தபோதுதான் பிடிபட்டது: எண்ணெய் கூடிய நாட்களில். இரவல் வாங்கிய அந்த அட்டவணை மூன்று சத்துகளையும் கிராமுக்கு 4 கலோரி என்றே பெருக்கியது. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் அது சரி, கொழுப்புக்கு 9. மாவுச்சத்து 250, புரதம் 75, கொழுப்பு 70 கிராம் என்றால் 1580 அல்ல, 1930 கலோரி. எடையில் 18 சதவீதமாகத் தெரியும் கொழுப்பு, கலோரியில் 33 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 30 சதவீத வரம்பு கலோரியில்தான், எடையில் அல்ல.

பலர் கவனிக்காதது இன்னொன்று: பால் பொட்டலத்தில் 3.5% கொழுப்பு என்பது எடைக் கணக்கு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர், அதற்குக் கலோரியே கிடையாது. எனவே அந்தப் பாலின் கலோரியில் ஏறக்குறைய பாதி கொழுப்பிலிருந்து வருகிறது!

எண்ணெயை மில்லிலிட்டரில் அளந்தால் 0.92ஆல் பெருக்கி கிராமாக்குங்கள். 15 மில்லி கரண்டிக்குச் சுமார் 125 கலோரி. இப்போது அச்சிட்ட எண்ணும் என் எண்ணும் சில கலோரி வித்தியாசத்துக்குள் நிற்கின்றன.