மழை நாள்ல டோக்காய்க்கு கார்ல போறீங்களா? இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ஹங்கேரி தலைநகர் புடாபெஸ்ட்ல ரூம் போட்டுட்டு ஒரு நாள் மட்டும் கார் எடுத்து டோக்காய்ங்கற ஒயின் ஊருக்கு போலாம்னு ப்ளான் பண்ணியிருப்பாங்க, அன்னிக்குன்னு பாத்து மழை பிடிச்சுக்கும், உடனே கேன்சல். இதுதான் முதல் தப்பு. டோக்காய்ல பாக்க வேண்டிய முக்கியமான சமாச்சாரம் எல்லாம் தரைக்கு அடியிலதான் இருக்கு. எரிமலைப் பாறையைக் குடைஞ்சு வெட்டின செல்லார், அதாவது ஒயின் வைக்கற நிலவறை, வெளியில வெயிலோ மழையோ உள்ள வருஷம் பூரா 10, 12 டிகிரிதான். சுவர் முழுக்க கறுப்பா, தொட்டா ஈரப் பஞ்சு மாதிரி ஒரு பூஞ்சை அப்பிக் கிடக்கும். அழுக்குன்னு மூஞ்ச சுளிக்காதீங்க, பீப்பாய்ல இருந்து ஆவியாகிற ஆல்கஹாலை தின்னு வளர்ற பூஞ்சை அது, உள்ள ஈரப்பதத்தையும் சீரா வச்சிருக்கும், அதனால அதை யாரும் சுரண்டறதே இல்ல.

அடுத்தது, மேப்ல பக்கத்துல இருக்கேன்னு இன்னொரு ஒயின் ஊரான எகெரையும் டோக்காயையும் ஒரே நாள்ல சேக்கறது. ரெண்டுக்கும் நடுவுலயே நூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கு, புடாபெஸ்ட்ல இருந்து டோக்காய் போகவே இருநூறுக்கு மேல. சிலர் வில்லான்ய்ங்கற ஒயின் ஊரையும் சேத்துப்பாங்க, அது தெற்கே குரோஷியா எல்லை பக்கம், சம்பந்தமே இல்லாத திசை! மழை நாள்னா டோக்காய் இல்லன்னா அதே பகுதில இருக்கற மாட், ஏதாவது ஒரு ஊர், மிஞ்சிப் போனா ரெண்டு செல்லார், அவ்ளோதான். டோக்காய் மலை உச்சிக்கு வண்டி ஏத்தறதும் வேஸ்ட், மேகத்துல டிவி டவரே தெரியாது, அப்புறம் எங்க வியூ.

இப்ப பெரிய தப்புக்கு வருவோம். "டேஸ்டிங்தானே, ஒவ்வொரு வாய்தானே"ன்னு டிரைவரும் கிளாஸை நீட்டறது. ஹங்கேரில வண்டி ஓட்டறவங்களுக்கு ஆல்கஹால் அளவு பூஜ்யம், கொஞ்சம் பரவால்லங்கற பேச்சே கிடையாது. வாயில வச்சு துப்பிட்டா போதும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, துப்பினாலும் கொஞ்சம் உள்ள போகத்தான் செய்யும். ராத்திரி நல்லா ஏத்திட்டு காலைல சீக்கிரமே வண்டி எடுக்கறதும் இதே கேஸ்தான். எல்லாருக்கும் குடிக்கணும்னா காரே வேணாம், புடாபெஸ்ட் கெலெட்டி ஸ்டேஷன்ல இருந்து டோக்காய்க்கு ட்ரெயின் இருக்கு, கிட்டத்தட்ட 3 மணி நேரம், ஜன்னல்ல மழையை பாத்துக்கிட்டே போலாம்.

ரோடு விஷயம். வழியில இருக்கற மிஷ்கோல்ட்ஸ் ஊர் வரைக்கும் எம்3, எம்30 மோட்டார்வே, அதுக்கு மின் விக்னெட், அதாவது ஆன்லைன்ல வாங்கற சுங்க அனுமதி வேணும், ஸ்டிக்கர் கிடையாது, நம்பர் பிளேட்டை வச்சு கேமராதான் செக் பண்ணும். வாடகை கார்ல அது ஏற்கனவே போட்டிருக்கான்னு சாவி வாங்கும்போதே கேட்டுடுங்க. அதுக்கப்புறம் 37ஆம் நம்பர் ரோட்டுல லாரி தண்ணிய வாரி கண்ணாடில அடிச்சுட்டு போகும், 90 லிமிட்னு போர்டு இருக்கேன்னு 90லயே போகணும்னு அவசியமில்ல. ஊருக்கு வெளியில பகல்லயும் லைட் போடணும்னு சட்டமே இருக்கு, அதை தானா எரியற பகல் லைட் பாத்துக்கும்னு விட்டுடாதீங்க, நிறைய கார்ல அது முன்னாடி மட்டும்தான் எரியும், மழைல பின்னாடி வர்றவனுக்கு நீங்க இருக்கறதே தெரியாது. ஜிபிஎஸ் காட்டுதேன்னு திராட்சை தோட்டத்து மண் ரோட்டுல இறங்கவே இறங்காதீங்க. டோக்காய் மலைல இருக்கறது லோயஸ் மண்ணு, காத்து கொண்டாந்து சேத்த பொடி மண்ணு, நனைஞ்சா டயர்ல அப்பிக்கிட்டு வழுக்கும், நகரவே விடாது.

நிறைய செல்லார் குடும்பமா நடத்தறாங்க, புக் பண்ணாம போய் கதவ தட்டினா யாரும் இருக்க மாட்டாங்க. அக்டோபர் 23, நவம்பர் 1 ரெண்டும் அரசு விடுமுறை, அதையும் பாத்துக்கங்க. மழைல லேட்டாகும்னா ஒரு போன் போட்டுடுங்க. ஸ்வெட்டரும் பிடிப்பான ஷூவும் வேணும், படி ஈரமா இருக்கும்.

குடிக்கற இடத்துல பண்ற தப்பு, எடுத்த எடுப்புல அஸூ கேக்கறது. அது வத்தின திராட்சைல செய்யற, இந்த ஊரோட பேர்போன இனிப்பு ஒயின். முதல்ல ட்ரை ஃபுர்மின்ட் (ஃபுர்மின்ட் திராட்சைல செய்யற இனிப்பில்லாத வெள்ளை ஒயின்), அப்புறம் ஸமோரோட்னி (வத்தின பழமும் சாதா பழமும் கொத்தோட சேத்து செய்யறது), கடைசியாத்தான் அஸூ. இனிப்பு நாக்குல ஏறிட்டா அப்புறம் ட்ரை ஒயின் எல்லாம் வெறும் புளிப்பாத்தான் இருக்கும். லேபிள்ல புட்டோன்யோஷ்னு போட்டிருக்கற நம்பர் இனிப்போட அளவு, பழைய பாட்டில்ல 3, 4 எல்லாம் பாக்கலாம், இப்ப 5, 6 மட்டும்தான், குறைஞ்சது லிட்டருக்கு 120 கிராம் சர்க்கரை. மழை பெஞ்சாதான் அஸூ நல்லா வரும்னு சிலர் அடிச்சு விடுவாங்க, நம்பாதீங்க. போட்ரோக், டிஸா ஆறுங்க சேர்ற இடத்துல காலைல மூடுபனி வரும், மத்தியானம் வெயில் காயும், அப்பதான் பூஞ்சை (செல்லார் சுவர்ல பாத்தது இல்ல, இது வேற) பிடிச்ச திராட்சை அழகா வத்தும். விடாம மழை அடிச்சா பழம் வெடிச்சு அழுகிடும், அன்னிக்கு செல்லார்க்காரர் மூஞ்சியே சரியிருக்காது, அறுவடை எப்படின்னு சிரிச்சுக்கிட்டே போய் கேக்காதீங்க.

சாப்பிடாம டேஸ்டிங் போறதும் தப்புதான், டோக்காய்ல மீன் சூப் ஹலாஸ்லே சூடா காரமா கிடைக்கும், மழைக்கு அதைவிட வேற என்ன வேணும். அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை மாத்தினதுக்கப்புறம் நாலரைக்கெல்லாம் இருட்டிடும், ஈர ரோட்டுல இருட்டுல திரும்ப புடாபெஸ்ட்டுக்கு ஓட்டறதுக்கு அங்கயே ஒரு ராத்திரி தங்கிடலாம். மறுநாள் லேட்டா கிளம்பறதா இருந்தா, பாவம் அந்த டிரைவருக்கும் ஒரே ஒரு கிளாஸ் ஊத்தலாம்.