டாலரில் வரும் பணம் ரூபாயாவதற்குள் எங்கே கரைகிறது?

கரூரில் மேசை விரிப்பு தைத்து அமெரிக்க வீடுகளுக்கு நேரடியாக அனுப்புகிறவரும் சரி, கோவையில் இருந்துகொண்டு ஜெர்மன் நிறுவனத்துக்கு இணையதளம் செய்து கொடுக்கிறவரும் சரி, காலையில் எழுந்ததும் டாலர் விலையைப் பார்த்துவிடுகிறார்கள். பத்து பைசா ஏறினால் சந்தோஷம், இறங்கினால் கவலை. ஆயிரம் டாலருக்குப் பத்து பைசா என்பது நூறு ரூபாய்தான். அதே ஆயிரம் டாலர் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்வதற்குள் இரண்டாயிரம், மூவாயிரம் என்று கழிவதைப் பலர் கவனிப்பதே இல்லை.

முதல் தவறு, கூகுள் காட்டும் விகிதத்தை வைத்து லாபக் கணக்குப் போடுவது. அது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள சந்தை விலை. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு வங்கி தருவது டி.டி. பையிங் ரேட், அதாவது மின்வழியில் வரும் டாலரை வங்கி உங்களிடம் வாங்கிக்கொள்ளும் விலை. வங்கி அன்றன்றைக்கு அறிவிக்கும் பொது விலைப் பட்டியலில் (கார்டு ரேட்) அது இருக்கும். சந்தை விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பேமென்ட் நிறுவனங்கள் சில இன்னும் அதிகமாகக் குறைக்கின்றன. கணக்குக்காக ஒரு டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாற்றும்போது 3 சதவீதம் குறைத்தால் உங்களுக்கு 87.30 கிடைக்கும். ஆயிரம் டாலரில் 2,700 ரூபாய் போயிற்று. ரசீதில் இது கட்டணம் என்று எங்கும் எழுதியிருக்காது. ‘கட்டணமே இல்லை’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்று ஆயிரம் டாலர் வந்தால் என் கணக்கில் எத்தனை ரூபாய் ஏறும்? அந்தத் தொகையை மட்டும் வைத்து இரண்டு மூன்று இடங்களை ஒப்பிடுங்கள்.

நாணய மாற்றத்துக்கு ஜி.எஸ்.டி.யும் உண்டு. அது பெரிய தொகை இல்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை, மாற்றும் தொகையில் 1 சதவீதத்தை (குறைந்தது 250 ரூபாயை) சேவையின் மதிப்பாகக் கொண்டு அதற்கு 18 சதவீதம் போடுவார்கள். 90,000 ரூபாய்க்கு 162 ரூபாய். இதற்காக வங்கி மேலாளரிடம் சண்டை போட வேண்டாம்; அவரிடம் பேரம் பேச வேண்டியது விகிதத்தைப் பற்றி. மாதாமாதம் ஒழுங்காகப் பணம் வருகிற கணக்கு என்றால் பல கிளைகள் சில பைசாக்களாவது ஏற்றித் தரும். கேட்காதவருக்குக் கார்டு ரேட்தான்.

இதைவிட மோசமானது ஒரே பணம் இரண்டு முறை மாறுவது. பிரான்சில் இருக்கும் வாடிக்கையாளர் யூரோவில் கட்டுகிறார், விற்பனைத் தளம் அதை டாலராக்குகிறது, உங்கள் வங்கி டாலரை ரூபாயாக்குகிறது. இரண்டு இடத்திலும் கழிவு. கடையின் நாணயம், பணம் பெறும் கணக்கின் நாணயம், வாடிக்கையாளருக்குக் காட்டும் நாணயம் ஆகிய மூன்றும் தளத்தின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) பக்கத்தில் தனித்தனியே இருக்கும். கணக்குத் தொடங்கும் அவசரத்தில் வந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு, பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

வயர் டிரான்ஸ்ஃபரில், அதாவது வங்கியிலிருந்து வங்கிக்கு நேரடியாகப் பணம் அனுப்புவதில், வேறு சிக்கல். வாடிக்கையாளர் ஆயிரம் டாலர் அனுப்பியதாகச் சத்தியம் செய்வார், உங்களுக்கு 975 வரும். இருவருமே பொய் சொல்லவில்லை. இடையில் உள்ள வங்கி தன் கூலியை எடுத்துக்கொண்டிருக்கும். அனுப்பும் செலவு முழுவதும் அனுப்புபவருடையது என்பதை இன்வாய்ஸிலேயே எழுதிவிடுங்கள். சிறு தொகைகளை வயரில் வாங்காமல் சேர்த்து வாங்குவதும் நல்லது.

‘$’ என்று மட்டும் எழுதுவது இன்னொரு வம்பு. சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, கனடா எல்லாமே டாலர்தான், ஆனால் ஒரே மதிப்பு இல்லை. நம்மிடம் புடவையும் பொடியும் வாங்கும் தமிழர்கள் அதிகம் இருக்கும் நாடுகளும் இவைதாம். சிங்கப்பூர்க்காரர் 100 என்று பார்த்து ஆர்டர் கொடுத்துவிட்டு, அமெரிக்க டாலரில் பில் வந்ததும் திருப்பி அனுப்புவார். ‘ரூ’ என்பதும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் அதை இலங்கை ரூபாயாகவே படிப்பார். விலைக்குப் பக்கத்தில் நாணயத்தின் மூன்றெழுத்துக் குறியை (USD, SGD, INR போல) போட்டுவிட்டால் இந்தத் தகராறு வராது.

சொந்தமாகத் தளம் கட்டுகிறவர்கள் தசமப் புள்ளியையும் பார்க்க வேண்டும். ஜப்பானிய யென்னில் பைசா கிடையாது. குவைத், பஹ்ரைன் தினார்களிலும் ஓமன் ரியாலிலும் ஒன்றுக்கு ஆயிரம் சில்லறை, அதாவது மூன்று தசம இடங்கள். தொகையைச் சில்லறைக் கணக்கில்தான் பேமென்ட் கேட்வேக்கு (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவைக்கு) அனுப்ப வேண்டியிருக்கும்போது, எல்லா நாணயத்தையும் நூறால் பெருக்கி அனுப்பும் நிரல், 5,000 யென் பொருளுக்கு ஐந்து லட்சம் யென் கேட்கும். குவைத்தில் அதுவே பத்தில் ஒரு பங்குதான் வசூலிக்கும். அதிகம் கேட்டால் வாடிக்கையாளர் கத்துவார், தெரிந்துவிடும். குறைவாகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பணத்தைத் திருப்பித் தரும்போதுதான் பலருக்கு உண்மை உறைக்கிறது. 200 டாலருக்கு விற்றீர்கள், 87.30 வீதம் 17,460 ரூபாய் வந்தது. ஒரு மாதம் கழித்துப் பொருள் திரும்பி வருகிறது. அப்போது டாலர் 92. இம்முறை நீங்கள் டாலர் வாங்குகிறவர், அதனால் 3 சதவீதம் மேலே ஏறி 94.76 ஆகிறது. 18,952 ரூபாய் கொடுக்க வேண்டும். பொருள் திரும்ப வந்த பிறகும் 1,492 ரூபாய் நஷ்டம், தபால் செலவு தனி. திரும்பி வரும் சரக்கு அதிகமுள்ள தொழிலில் இதை விலைக்குள்ளேயே வைத்தாக வேண்டும்.

வருமானத்தில் இத்தனை பார்ப்பவர்கள் செலவுப் பக்கத்தை விட்டுவிடுவார்கள். விளம்பரம், சர்வர், மென்பொருள் சந்தா எல்லாம் டாலரில் போகிறது. வெளிநாட்டு நாணயத்தில் கட்டும்போது கிரெடிட் கார்டு கூடுதலாகப் போடும் மார்க்அப் 3.5 சதவீதம் என்றால் ஜி.எஸ்.டி.யோடு 4.13 ஆகிறது. ‘ரூபாயிலேயே கட்டலாமே’ என்று வெளிநாட்டுத் தளம் ஆசை காட்டினால் பெரும்பாலும் மறுப்பதே மேல். அங்கே விகிதத்தைத் தீர்மானிப்பது அந்தத் தளத்தின் பக்கம்தான், அதோடு சில வங்கிகள் அதற்கும் தனி மார்க்அப் போடுகின்றன. டாலர் வரவும் டாலர் செலவும் இரண்டும் உள்ளவர் வங்கியில் இ.இ.எஃப்.சி. கணக்கு (வந்த வெளிநாட்டுப் பணத்தை அந்த நாணயத்திலேயே வைத்திருக்க உதவும் கணக்கு) திறந்தால், வந்த டாலரிலிருந்தே கட்டிவிடலாம். அந்தக் கணக்குக்கு வட்டி இல்லை. மீதத்தைக் காலவரையின்றி வைத்திருக்கவும் முடியாது. ஒரு மாதம் வந்ததை அடுத்த மாதக் கடைசிக்குள் ரூபாயாக்க வேண்டும்.

விலை ஏறட்டும் என்று காத்திருப்பதைப் பற்றி: 2013 ஆகஸ்ட் கடைசியில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது எழுபதைத் தொடும் என்று பேசாத ஆள் இல்லை. அக்டோபரில் அது 62க்குப் பக்கத்தில் இருந்தது. மறுபக்கமும் உண்டு. 2022இல் இலங்கை ரூபாய் மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 அளவில் இருந்து மே மாதத்துக்குள் 360ஐ எட்டியது. மூலப்பொருளை டாலரில் வாங்கி, பழைய ரூபாய் விலையிலேயே ஆர்டர் பிடித்தவர்கள் தாங்கியிருக்க முடியாது. கொட்டேஷனில் ‘15 நாளுக்கு மட்டும் செல்லும்’ என்ற ஒரு வரி இதற்காகத்தான். பெரிய ஆர்டர், பணம் வர மூன்று மாதம் ஆகும் என்றால் வங்கியில் ஃபார்வர்டு போடலாம், அதாவது பின்னால் வரப்போகும் டாலருக்கு இன்றே விலையை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இந்தியாவில் ஃபார்வர்டு விலை பெரும்பாலும் அன்றைய விலைக்கு மேலேதான் இருக்கும் என்பது ஏற்றுமதியாளருக்குச் சாதகம். ஆனால் வாடிக்கையாளர் பணம் தராவிட்டாலும் வங்கிக்குக் கொடுத்த வாக்கு நிற்கும், ரத்து செய்தால் வித்தியாசத்தை நீங்கள் கட்ட நேரலாம். அதனால் சந்தேகமான ஆர்டருக்கு இது வேண்டாம்.

கடைசியாகக் காகிதம். சில சேவைகள் டாலரை வெளியிலேயே மாற்றி, உங்கள் கணக்குக்குச் சாதாரண உள்நாட்டுப் பரிமாற்றமாக ரூபாயை அனுப்புகின்றன. பாஸ்புக்கைப் பார்த்தால் அது வெளிநாட்டுப் பணம் என்பதற்கு அடையாளமே இருக்காது. ஏற்றுமதி என்று ஜி.எஸ்.டி.யில் காட்ட வேண்டுமானால் அந்நியச் செலாவணியாக வந்ததற்கான சான்று கேட்பார்கள். ஒவ்வொரு வரவுக்கும் எஃப்.ஐ.ஆர்.ஏ. (வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததற்கு வங்கி தரும் சான்று) வருகிறதா, அதில் பணம் எதற்காக வந்தது என்று சொல்லும் பர்ப்பஸ் கோடு சரியா என்று அந்தந்த மாதமே பாருங்கள். மென்பொருள் வேலைக்கு பி0802, சரக்குக்கு வாங்கும் முன்பணத்துக்கு பி0103. இன்வாய்ஸ் போட்ட நாளின் விகிதத்துக்கும் பணம் வந்த நாளின் விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தள்ளுபடி என்று எழுதாமல், செலாவணி லாப நஷ்டம் என்று தனித் தலைப்பில் எழுதுங்கள்.