சீடர் மரப்படகைத் தண்ணீர்தான் இறுக்கும்

என் படகு 14 அடி. 1950களில் கனடாவின் பீற்றர்பரோவில் கட்டியது. மெல்லிய சீடர் மரப் பட்டிகளை நீளவாக்கில் பொருத்தி, உள்ளே விலா எலும்புபோல வளைந்த ஓக் வங்குகளோடு சிறு ஆணிகளால் தைத்திருக்கிறார்கள். பட்டிகளுக்கு நடுவே பசையும் இல்லை, இடுக்கை அடைக்கும் கலப்பற்றும் இல்லை. மரம் ஊறிப் பருத்து ஒன்றையொன்று நெருக்குவதால்தான் தண்ணீர் உள்ளே வராமல் நிற்கிறது.

இது விளங்காமல் முதல் வருடம் ஒரு பெரிய பிழை விட்டேன். மாரி முழுக்கக் கராஜில் காய்ந்து கிடந்த படகின் வெடிப்புகளைப் பார்த்துப் பயந்து, எல்லாவற்றையும் எபொக்சி என்ற, கல்லாக இறுகும் பசையால் நிரப்பினேன். கோடையில் ஏரியில் இறக்கியதும் பட்டிகள் பருத்தன, பருக்க இடமில்லை. மூன்றாம் நாள் இரண்டு வங்குகள் முறிந்திருந்தன. காய்ந்த வெடிப்புக்குள் இறுகிப்போகும் எதையும் வைக்காதீர்கள்.

வாங்கப் போகும்போது குத்தூசி, நூல், டோர்ச் மூன்றும் கையில் இருக்கட்டும். மோட்டர் தொங்கும் பின்பலகையின் அடி மூலைகளையும், அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், பட்டிகள் வந்து முடியும் கட்டையையும் குத்திப் பாருங்கள். பாணுக்குள் இறங்குவதுபோல ஊசி இறங்கினால் அந்த இடம் உக்கிவிட்டது. படகின் நடு அடிக்கட்டையான ஏராவின் நீளத்துக்கு நூலை இழுத்துப் பிடியுங்கள். பொருந்தாத ட்ரெய்லரில் பல வருடம் கிடந்த படகின் அடி பின்பக்கத்தில் உட்குழிந்திருக்கும். ஓடும்போது அந்தக் குழிவு அணியத்தைக் கீழே அமுக்கும். அடியில் பைபர்கிளாஸ் ஒட்டியிருந்தால் நான் வாங்கமாட்டேன். ஈரம் உள்ளே அடைபட்டு மரம் உக்குவது வெளியே தெரியாது.

பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். உலரவிட்டுத் தேய்க்காதீர்கள், தண்ணீர் தொட்டு, நல்ல முகக்கவசம் போட்டு, பிள்ளைகளைத் தள்ளி வைத்துத் தேயுங்கள்.

முறிந்த வங்கை மாற்றுவதுதான் எனக்கு மிகப் பிடித்த வேலை. சூளையில் உலர்த்திய ஓக் வளையாது, வெடிக்கும். பச்சையாகவோ காற்றில் உலர்ந்ததாகவோ, நேரான நார் ஓடும் வெள்ளை ஓக் தேடுங்கள். மரப்பெட்டிக்குள் நீராவி விட்டு, ஓர் அங்குலத் தடிப்புக்கு ஒரு மணித்தியாலம் என்ற கணக்கில் அவியுங்கள். கால் அங்குல வங்குக்குப் பதினைந்து நிமிடம். வெளியே எடுத்ததும் சில விநாடிகள்தான் இளகியிருக்கும். கையுறையோடு நேரே படகுக்குள் கொண்டுபோய் அமுக்கி வளையுங்கள். வெளியிலிருந்து நான் ஆணி அடிக்க, உள்ளே என் மகள் கனமான இரும்பைப் பிடித்திருப்பாள். ஆணிமுனை இரும்பில் பட்டு மடங்கித் திரும்ப மரத்துக்குள்ளே புகும். செம்பு அல்லது பித்தளை ஆணி மட்டும். இரும்பாணி ஓக்கில் கறுத்து அரித்துப்போகும்.

வார்னிஷின் முதல் பூச்சைப் பாதிக்குப் பாதி தின்னர் கலந்து பூசுங்கள், மரம் குடிக்கட்டும். பிறகு ஆறு பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் 220ஆம் இலக்க சாண்ட் பேப்பர்.

இறக்குவதற்கு ஒரு வாரம் முன்பே உள்ளே ஈரச்சாக்கு விரித்து, காலையும் மாலையும் நனைத்துவிடுங்கள். ட்ரெய்லரில் வைத்தபடி படகுக்குள் தண்ணீர் நிரப்பவே வேண்டாம். லீற்றருக்கு ஒரு கிலோ. அந்தப் பாரம் அடியைப் பிளந்துவிடும். ஏரியில் இறக்கியதும் ஒழுகும், சில இடத்தில் ஊற்றுப்போல வரும். கரையில் கட்டி, பம்ப் போட்டுவிட்டு இரவு விடுங்கள். என் படகுக்கு இரண்டு நாள் பிடித்தது.

மோட்டர் ஜோன்சன், 10 குதிரைச்சக்தி. அந்தக் கால ஜோன்சன்களில் தீப்பொறிக் கொயில்களின் மேலுறை வெடித்திருக்கும், பார்க்காமலே மாற்றலாம். மின்னைத் துண்டித்துத் தீப்பொறி உண்டாக்கும் தொடுமுனையான பொயின்ற்றின் இடைவெளி 0.020 அங்குலம். தண்ணீர்ப் பம்பின் ரப்பர் சக்கரத்தையும் புதிதாகப் போடுங்கள். கியர் ஒயில் பால்போல வந்தால் சீல் போய்விட்டது. பெற்றோலும் ஒயிலும் 24க்கு 1. புது மோட்டருக்குரிய 50க்கு 1 கலவையை ஊற்றினால் பெயாரிங் தேயும்.

கல்லில் விசிறி பட்டால் கியரைக் காப்பாற்ற, விசிறியை அச்சோடு பிடித்திருக்கும் சிறு ஆணியான ஷியர் பின் உடையும். உதிரியாக இரண்டும் ஒரு குறடும் தகரப்பேணியில் போட்டு இருக்கைக்கு அடியில் வையுங்கள். துடுப்பையும் மறக்காதீர்கள்.