குனியாமல் பார்த்துக்கொள்ளக்கூடிய அல்லிக்குளம்: பெரியவர்களுக்காக வீட்டுப் பின்புறத்தில் கட்டும் முறை

வயதானவர்களுக்கு வீட்டுக்குளம் கட்டும்போது, பூவையும் மீனையும் பிறகு யோசிக்கலாம். முதலில் யோசிக்க வேண்டியது அவர்களுடைய முழங்காலையும் இடுப்பையும். தென்காசிக்கு அருகிலுள்ள செங்கோட்டையில் என் பெரியம்மா வீட்டுப் பின்புறத்தில் ஒரு குளம் கட்டிக் கொடுத்தேன். "ஒரு வாளித் தண்ணீர்கூட நான் தூக்க மாட்டேன், குனியவும் மாட்டேன். அதற்கு ஏற்றபடி கட்டு" என்று அவர் போட்ட நிபந்தனைதான் எனக்கு வரைபடமாக அமைந்தது. இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் அந்த நிபந்தனையிலிருந்து வந்தவை.

செங்கல் கட்டுவது, சிமெண்ட் கலப்பது பற்றியெல்லாம் நான் விளக்கப்போவதில்லை. அது கொத்தனாருக்குத் தெரியும். அவருக்கு நீங்கள் சொல்லியாக வேண்டியவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதல் படி: இடமும் காற்றும்

அல்லிக்கு ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு மணி நேர வெயில் வேண்டும். காலை வெயில் விழுந்து, பிற்பகலில் கொஞ்சம் நிழல் கிடைக்கும் இடம் சிறந்தது. மா, வேம்பு, புளி நிழலில் கட்டவே கட்டாதீர்கள். உதிர்கிற இலைதான் குளத்தின் முதல் எதிரி. அது அழுகினால் தண்ணீர் கறுக்கும், நாறும், கழுவும் வேலை கூடும். தென்னைக்கு அடியிலும் கூடாது. பெரியவர் உட்காரும் இடத்தில் மட்டையோ தேங்காயோ விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சமையலறை ஜன்னலிலிருந்தோ பின்வாசல் படியிலிருந்தோ குளம் தெரிய வேண்டும். கண்ணில் படாத குளத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அடுத்தது காற்று. எங்கள் ஊரில் ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று இடைவிடாமல் அடிக்கும், கூடவே சாரலும் வரும். நீரில் விழும் தூசி, சருகு, உதிர்ந்த இதழ் எல்லாவற்றையும் அந்தக் காற்று கிழக்கு ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகவே பெரியவர் உட்கார்ந்து வலையால் அள்ளும் இடத்தைக் கிழக்குப் பக்கம் வைத்தால், குப்பை தானாகவே அவர் கைக்கு வந்துவிடும். உங்கள் ஊரில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். இதற்கு ஒரு பைசாகூடச் செலவில்லை, ஆனால் வருடம் முழுவதும் பாதி வேலை குறையும்.

இரண்டாம் படி: அளவு

உட்புறம் 6 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம். ஆழத்தில் அரை அடி தரைக்குக் கீழே, ஒன்றரை அடி தரைக்கு மேலே. சுவரின் உயரம் நாற்காலியின் உயரத்துக்குச் சமமாக இருப்பதால், சுவரே இருக்கையாகிவிடும். 9 அங்குலச் சுவரின் மேல் ஓரடி அகலத்துக்குக் கருங்கல் பலகை பதியுங்கள். கடப்பைக் கல் வேண்டாம், மெருகேற்றிய கிரானைட்டும் வேண்டாம். ஈரத்தில் இரண்டும் வழுக்கும். கொத்திய சொரசொரப்பான கருங்கல்தான் எங்கள் சாரலுக்குத் தாங்கும்.

அகலம் ஏன் 4 அடி? உட்கார்ந்த நிலையில் ஒரு பெரியவரின் கை வசதியாக எட்டுவது இரண்டடி. இரண்டு பக்கமும் உட்கார இடம் இருந்தால் குளத்தின் நடுப்பகுதிவரை எட்டிவிடலாம். ஒரு பக்கம் மதிலை ஒட்டிக் கட்டுவதானால் அகலத்தை இரண்டரை அடியாகக் குறையுங்கள்.

மேல் விளிம்புக்கு நான்கு அங்குலம் கீழே தண்ணீர் நின்றால் கொள்ளளவு ஏறத்தாழ 1,100 லிட்டர். அதாவது ஒரு டன்னுக்கு மேல் எடை. அதனால் அடித்தளம் கம்பி போட்ட கான்கிரீட்டாகவே இருக்கட்டும். புதிதாக மண் நிரப்பிய இடமென்றால் நன்றாக இடித்து இறுக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கிணற்று உறைகள் இரண்டை அடுக்கி, அடியில் கான்கிரீட் போட்டு, இடைவெளியைப் பூசிக்கொள்ளலாம். சீக்கிரம் முடியும், ஆனால் உட்கார விளிம்பு கிடைக்காது. பண்ணைக்குட்டைத் தார்ப்பாய் விரித்துச் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. பெருச்சாளி ஒரே இரவில் கடித்துவிடும். ஓட்டையைத் தேடி அடைக்கும் வேலையை ஒரு முதியவரின் தலையில் கட்டக்கூடாது.

மூன்றாம் படி: மறுகாலும் வடிகுழாயும்

ஏரி குளத்துக்கு மறுகால் (நிரம்பினால் மிகுநீர் வெளியேறும் வழி) எப்படியோ அப்படித்தான் இதற்கும். கிழக்குச் சுவரில், விளிம்புக்கு நான்கு அங்குலம் கீழே 2 அங்குலக் குழாய் ஒன்றைப் பதியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்வது புதிதல்ல. அப்படிப் பெய்தால் நீர்மட்டம் ஏறத்தாழ நான்கு அங்குலம் ஏறும். மறுகால் அடைத்திருந்தாலும் அந்த ஒரு நாள் மழையைத் தொட்டி தாங்கிவிடும். கூரைத் தண்ணீரை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குளத்துக்குள் திருப்பிவிடாதீர்கள்.

மறுகால் அடைபடுவது மிதக்கும் இலையால்தான். குழாயின் உள்முனையில் ஒரு 'டி' இணைப்பைச் செங்குத்தாக மாட்டுங்கள். அதன் கீழ்வாய் தண்ணீருக்குள் இருக்கும், மேல்வாய் காற்றில் திறந்திருக்கும். தண்ணீர் கீழ்வாய் வழியாக ஏறி வெளியேறும், மிதக்கும் சருகு மேலேயே நின்றுவிடும். மேல்வாய் வழியாகக் காற்று புகுவதால் குளத்துத் தண்ணீர் உறிஞ்சப்பட்டு இறங்கவும் வழியில்லை. இரண்டு வாயிலும் கொசுவலைக் கம்பியைக் கட்டிவிடுங்கள், மீன் தப்பாது.

அடியில் இன்னொரு 2 அங்குலக் குழாய், வெளியே திருகு வால்வுடன். வால்வின் கைப்பிடி இடுப்பு உயரத்துக்கு வரும்படி ஒரு நீட்டுக் கம்பி வையுங்கள். தரை மட்டத்துக்கு அரை அடி கீழே தொட்டியின் அடி இருப்பதால், தண்ணீர் போகும் இடம் அதைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் வாழைப்பாத்தியை ஓரடி ஆழமாக வெட்டி அங்கே விட்டிருக்கிறோம்.

தண்ணீர் சேர்க்க எளிதான வழி, மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு குழாயும் இடுப்பு உயரத்தில் ஒரு நெம்புகோல் வகைத் திறப்பும். கோடையில் நாளொன்றுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியானாலே 11 லிட்டர் போய்விடும். மிதவை வால்வு வைத்தால் தானாக நிரம்புமே என்று கேட்பார்கள். எனக்கு அது பிடிக்காது. தொட்டி கசிந்தால் மிதவை அதை மறைத்துவிடும், தண்ணீர் போவது யாருக்கும் தெரியாது. திறப்பைத் திருப்பத் தெம்பிருக்கும் வரை அது போதும்.

கசிவு இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. விளிம்பில் ஒரு வாளியை நிரப்பி வைத்து, வாளியிலும் குளத்திலும் நீர்மட்டத்தைக் கரியால் குறியுங்கள். சில நாள் கழித்து இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது ஆவியானது. குளம் அதிகம் இறங்கியிருந்தால் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

நான்காம் படி: சுண்ணாம்பை வெளியேற்றுதல்

நான் அதிகம் திணறிய படி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். புதுச் சிமெண்ட் பூச்சிலிருந்து சுண்ணாம்புச் சத்து தண்ணீரில் கரைந்துகொண்டே இருக்கும். அந்தத் தண்ணீரின் பி.எச். அளவு (காரத்தைக் காட்டும் எண்; 7 என்றால் நடுநிலை) 11, 12 வரை ஏறும். அதில் மீன் பிழைக்காது, அல்லியும் வேர் பிடிக்காது. "பத்து நாள் தண்ணீர் கட்டிவிட்டோம், போதும்" என்று கொத்தனார் சொல்வது சுவரின் உறுதிக்காக. மீனுக்கான கணக்கு வேறு.

செய்ய வேண்டியது இது: மறுகால் மட்டம்வரை நிரப்புங்கள். வாழைத்தண்டை துண்டுதுண்டாக நறுக்கி, இரண்டு கூடை அளவு போடுங்கள். அது புளித்து அழுகும்போது உண்டாகும் அமிலமும் கரியமில வாயுவும் சுண்ணாம்பை ஓரளவு முறிக்கும். நாறும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் கழித்துத் தண்ணீரை வடித்து, தென்னை நார்த் தூரிகையால் சுவரைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் நிரப்புங்கள். முதல் இரண்டு முறை வடிக்கும் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள்.

எப்போது நிறுத்துவது? மீன் வளர்ப்புக் கடைகளில் கிடைக்கும் பி.எச். காகிதத்தால் அளந்து பாருங்கள். நிரப்பிய அன்றே அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தோன்றும், ஏனென்றால் சுவரிலிருந்து சுண்ணாம்பு இன்னும் கரைந்திருக்காது. மூன்றாம் நாள் அளக்க வேண்டும். நிரப்பும்போதே அதே தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் தனியே பிடித்து வைத்து அதையும் அளந்து ஒப்பிடுங்கள். நம் கிணற்றுத் தண்ணீரே 8 காட்டும் ஊர்கள் உண்டு. அங்கே குளம் 7 காட்ட வேண்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. வாளியும் குளமும் ஏறத்தாழ ஒன்றாகி, அளவு 8.5-ஐத் தாண்டாமல் நின்றால் போதும்.

மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுவதால் இந்தக் காலத்தில் கொசு உற்பத்தியாகாது. கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர வெப்பமான நாட்களில்கூட ஒரு வாரம் ஆகும்.

ஐந்தாம் படி: அல்லி

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். செடி வாங்கப் புனலூர்ப் பக்கம் போவது எங்களுக்கு இன்றும் இயல்பு. கேரளத்தில் பல வீடுகளில் முற்றத்திலேயே அல்லி வளர்த்துக் கிழங்கு விற்கிறார்கள். இரவில் பூக்கும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். அது அந்தியில் விரிந்து மறுநாள் காலை வெயில் ஏறும்வரை மூடாது. விடியலுக்கு முன்பே எழுந்துவிடும் பெரியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான பூ கிடையாது. தாமரை வேண்டாம். கிழங்கு ஓடித் தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும்.

ஓட்டையில்லாத அகலமான பிளாஸ்டிக் பேசினில் குளத்துக் கரம்பையை (குளத்தடி வண்டல் மண்ணை) நிரப்பி நடுங்கள். தொழுவுரம், மட்கிய குப்பை எதுவும் கலக்கக்கூடாது, தண்ணீர் பச்சையாகிவிடும். மேலே ஓர் அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்புங்கள். பேசினைத் தொட்டியின் நடுவில் அடியில் இறக்காமல், ஓரத்தில் செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றி நடும்போது தூக்குவது எளிது. அந்த வேலையை மாசியில் வீட்டுக்கு வரும் இளையவர் யாராவது செய்துவிட வேண்டும்.

நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் இலை மூடினால் பாசி அடங்கும். அதுவரை தண்ணீர் பச்சையாக இருப்பது இயற்கை. பதறித் தண்ணீரை மாற்றினால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

ஆகாயத்தாமரையை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கேரளத்தில் ஆப்பிரிக்கன் பாயல் என்று சொல்லும் மிதக்கும் நீர்ச்செடியும் அப்படியே. எங்கள் பக்கத்து ஓடைத் தண்ணீர் சிற்றாற்றில் சேர்ந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணிக்குப் போகிறது. ஒரு மறுகால் வழியாகத் தப்பும் ஒரு செடி ஆறுவரை போகும்.

ஆறாம் படி: மீன்

மீன் இல்லாத குளம் கொசுப் பண்ணை. டெங்கு பரப்பும் கொசு தெளிந்த தண்ணீரில்தான் முட்டையிடும். எட்டுப் பத்துக் கப்பி மீன்கள் போதும், தானாகப் பெருகும். என் விருப்பம் மானத்துக்கண்ணி. நம் வாய்க்கால்களிலேயே இருக்கும் மீன், எப்போதும் நீர்மட்டத்தை ஒட்டியே நீந்திக் கொசுப்புழுவைத் தின்னும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நிரப்பிய இரண்டு நாள் கழித்து விடுங்கள். தீனி போட வேண்டியதில்லை. போட்டால் அது அழுகித்தான் தண்ணீர் கெடும். திலேப்பியாவை விடாதீர்கள்.

பம்பும் நீரூற்றும் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். இவ்வளவு குறைவான மீனுக்கு அது தேவையே இல்லை. வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவ வேண்டும், ஈரக்கையோடு மின்சாரத்துக்குப் பக்கத்தில் போக வேண்டும். பெரியம்மா செய்ய வேண்டியது நீளப்பிடி வலையால் சருகு எடுப்பதும், மஞ்சள் இலையை நறுக்குவதும் மட்டும்.

உட்காரும் இடத்தை ஒட்டி, குளியலறையில் பொருத்துவதுபோல ஒரு துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடி. சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சொரசொரப்பான நடைபாதை. இரண்டும் அலங்காரமல்ல, கட்டாயம்.

பின்சேர்க்கை

பேரப்பிள்ளைகள் வரும் வீட்டுக்கு என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டார். சரியான கேள்வி. ஒன்றரை அடிச் சுவர் தவழும் குழந்தையைத் தடுக்கும், நடக்கும் குழந்தையைத் தடுக்காது. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, மூன்று அங்குலக் கட்டமுள்ள துத்தநாகம் பூசிய கம்பி வலையைச் சட்டத்தில் மாட்டிப் பொருத்துங்கள். சுருண்டு வரும் இளம் இலை அதன் வழியாக ஏறிவிடும். வலை போட்டிருந்தாலும் குழந்தையைத் தனியே விடக்கூடாது.

பாம்பு வருமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். தவளை வந்தால் தண்ணீர்ப் பாம்பு வரலாம், அதற்கு நஞ்சில்லை. மற்றவை ஒளிந்துகொள்ள இடம் தராமல் இருப்பதுதான் முக்கியம். குளத்தைச் சுற்றி விறகு, ஓடு, தேங்காய் மட்டை எதையும் அடுக்காதீர்கள். கல் இடுக்குகளைப் பூசிவிடுங்கள். பின்வாசலில் ஒரு விளக்கு எரியட்டும்.

மொட்டை மாடியில் கட்ட விரும்புகிறவர்கள் பொறியாளரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். மேலே சொன்ன ஒரு டன், தண்ணீரின் எடை மட்டும்தான். செங்கல்லும் கல்லும் தனி.